ஜான் பனியனின் கிறிஸ்து மைய பக்தி வாழ்வும் தமிழில் அதன் தொடர்ச்சியும்

ஜான் பனியன் (1628–1688) இங்கிலாந்தைச் சேர்ந்த தூய்மைவாதச் சமயப் போதகர், எழுத்தாளர். பாத்திரங்களின் ஓட்டை அடைக்கும் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கியவர். அரசின் அனுமதியின்றிப் போதித்ததற்காக 12 ஆண்டுகள் சிறையில் இருந்தவர். தமிழ்க் கிறிஸ்தவர்கள் ‘மோட்சப் பிரயாணம்’ என்று அறிந்திருக்கும் உருவகக் கதையின் ஆசிரியர் இவரே. இக்கதையை மூலமாகக் கொண்டு எச். ஏ. கிருஷ்ணபிள்ளை ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்னும் தமிழ்க் காப்பியத்தை இயற்றினார்.

‘மனிதன் தன் மீட்புக்குத் தன்னுடைய தகுதியையோ மனநிலையையோ நம்பலாமா?’ என்ற ஒரே கேள்வியைச் சுற்றியே பனியனின் பக்தி வாழ்வு அமைந்தது. பல ஆண்டு மனப் போராட்டத்துக்குப் பின் அவர் கண்ட விடையே அவருடைய எழுத்துகள் அனைத்துக்கும் அடிப்படை. அந்த விடை என்ன, அது சிறையில் எவ்வாறு சோதிக்கப்பட்டது, தமிழ் மண்ணில் அது எவ்வாறு வேறொரு வடிவம் எடுத்தது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. நிறைவுப் பகுதியில் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தோடு இப்பொருளுக்குள்ள தொடர்பும் கூறப்படுகிறது.

தூய்மைவாதிகள் யார்?

16-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துத் திருச்சபை ரோமிலிருந்து பிரிந்தது. ஆனால் சீர்திருத்தம் பாதியிலேயே நின்றுவிட்டது என்று ஒரு சாரார் கருதினர். வழிபாட்டு முறையும் சபை நிர்வாகமும் தனிமனித வாழ்வும் திருமறையின்படி மேலும் தூய்மையாக்கப்பட வேண்டும் என்று இவர்கள் வற்புறுத்தினர். இதனால் எதிரிகள் கேலியாகச் சூட்டிய பெயரே ‘பியூரிட்டன்’. தமிழில் தூய்மைவாதி எனலாம். ஜான் ஓவன், ரிச்சர்ட் பாக்ஸ்டர், தாமஸ் குட்வின் முதலியோர் இவர்களுள் புகழ்பெற்ற இறையியலாளர்கள்.

தூய்மைவாதிகள் சிரிக்கத் தெரியாதவர்கள், எதற்கெடுத்தாலும் தடை விதிப்பவர்கள் என்ற கருத்து பரவலாக உண்டு. அவர்கள் ஒழுக்கத்தில் கண்டிப்பானவர்கள் என்பது உண்மையே. ஆயினும் அவர்களுடைய நூல்களில் அதிகமாகப் பேசப்படுவது தடைகளைப் பற்றி அன்று, கிறிஸ்துவைப் பற்றியே. காலையிலும் மாலையிலும் குடும்பமாகச் செய்யும் இறைவேண்டல், திருமறை வாசிப்பு, வாசித்ததை மனத்தில் அசைபோடும் தியானம், ஞாயிறு ஓய்வுநாள் ஆசரிப்பு, தன்னைத் தானே சோதித்தறிதல் ஆகியவை அவர்களது அன்றாடப் பழக்கங்கள்.

இவற்றுள் கடைசியாகக் கூறிய தன்சோதனை இரு முனையும் கூரான கத்தி போன்றது. தவறைக் கண்டு திருந்த அது உதவும். ஆனால் அளவு மீறினால், மனிதன் ஓயாமல் தன் உள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்து கடவுளை மறந்துவிடுவான். பனியன் இளமையில் விழுந்த குழி இதுவே.

இளமை

பனியன் பெட்ஃபோர்டு நகருக்கு அருகிலுள்ள எல்ஸ்டோ என்னும் சிற்றூரில் பிறந்தார். 1628 நவம்பர் 30 அன்று அவருக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்டது. தந்தை தாமஸ் பாத்திரம் பழுதுபார்ப்பவர். அக்காலத்தில் அது மதிப்புக் குறைந்த தொழில். பனியன் எழுதப் படிக்கக் கற்றார். பல்கலைக்கழகத்தின் வாசலை மிதிக்கவில்லை. 1644-இல் தாயை இழந்தார். அதே ஆண்டில், 16 வயதில், உள்நாட்டுப் போரில் நாடாளுமன்றப் படையில் சேர்ந்தார்.

படையிலிருந்து திரும்பிய பின் திருமணம் நடந்தது. மணமக்களிடம் ஒரு தட்டும் கரண்டியும்கூட இல்லை என்று அவரே எழுதியுள்ளார். மனைவி கொண்டுவந்த சீதனம் இரண்டு பக்தி நூல்கள் மட்டுமே. ஒன்று ஆர்தர் டென்ட் எழுதியது; மற்றொன்று லூயிஸ் பெய்லி எழுதியது. இரண்டும் தூய்மைவாத வீடுகளில் பெரிதும் வாசிக்கப்பட்டவை. இந்நூல்கள் அவரைக் கோயிலுக்குப் போகத் தூண்டின. ஆனால் உள்ளம் மாறவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் அவர் ஊர்த் திடலில் நம் ஊர்க் கிட்டிப்புள் போன்ற ஒரு விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தார். புள்ளை ஒருமுறை அடித்துவிட்டு மறுமுறை அடிக்கக் கை ஓங்கியபோது, பாவத்தை விட்டு விண்ணகம் போகிறாயா, பாவத்தோடு நரகம் போகிறாயா என்று ஒரு குரல் தன்னைக் கேட்டதாக உணர்ந்தார். திகைத்து நின்றார். ஆனால் ‘இனி எனக்கு மன்னிப்பு இல்லை’ என்று எண்ணி, விளையாட்டைத் தொடர்ந்தார்.

பின்னர் அவர் வெளி ஒழுக்கத்தில் முனைந்தார். ஆணையிட்டுப் பேசுவதை நிறுத்தினார். தமக்கு மிகவும் பிடித்த கோயில் மணி அடிப்பதையும் நடனத்தையும் விட்டார். ஊரார் வியந்து பாராட்டினர். அந்தப் பாராட்டு அவருக்கு இனித்தது. அப்போது பெட்ஃபோர்டு தெருவில் ஏழைப் பெண்கள் சிலர் வாசலில் வெயில் காய்ந்தபடி பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டார். தங்கள் பெருமையை அவர்கள் பேசவில்லை. கிறிஸ்துவின் அன்பு தங்களை எவ்வாறு தொட்டது என்பதையே மகிழ்ச்சியோடு பேசினர். சமயம் பேசுவதில் வல்லவரான பனியனுக்கு அவர்கள் பேச்சு புரியாத மொழிபோல் இருந்தது. தம்மிடம் ஒழுக்கம் இருந்தாலும் அந்த மகிழ்ச்சி இல்லை என்பதை அவர் முதன்முறையாக உணர்ந்தார்.

மனப் போராட்டமும் வயல்வெளியில் கிடைத்த விடையும்

அடுத்து வந்த சில ஆண்டுகள் கடுமையானவை. அவற்றின் வரலாற்றை அவர் சிறையிலிருந்து எழுதி 1666-இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலில் காணலாம். பாவிகளில் பெரும் பாவிக்கும் அருள் பெருகிற்று என்ற பொருள்படும் தலைப்புடையது அந்நூல்.

‘கிறிஸ்துவை விற்றுவிடு’ என்ற எண்ணம் இரவும் பகலும் அவரைத் துளைத்தது. உண்ணும்போதும் வேலை செய்யும்போதும் அது விடவில்லை. ஒருநாள் களைத்துப்போய், ‘அவர் விரும்பினால் போகட்டும்’ என்று மனத்துக்குள் சொல்லிவிட்டதாக நினைத்தார். உடனே பேரச்சம் பற்றிக்கொண்டது. ஒருவேளை உணவுக்காகத் தன் மூத்த மகன் உரிமையை விற்ற ஏசாவைப் போலத் தாமும் கெட்டுப்போனதாக நம்பினார். திருமறையில் ஆறுதல் வசனம் ஒன்றைக் கண்டால் மகிழ்வார்; மறுநாள் அச்சுறுத்தும் வசனம் ஒன்றைக் கண்டு நொறுங்குவார். அவருடைய நம்பிக்கை அவரது மனநிலையோடு சேர்ந்து தராசுத் தட்டுபோல ஏறி இறங்கியது.

இக்காலத்தில் பெட்ஃபோர்டு சபையின் போதகர் ஜான் கிஃபோர்டு அவருக்கு வழிகாட்டினார். மார்ட்டின் லூத்தர் கலாத்தியர் நிருபத்துக்கு எழுதிய விளக்கவுரையின் பழைய படி ஒன்றும் அவர் கைக்கு வந்தது. தம் உள்ளத்தைப் பார்த்தே எழுதியதுபோல அந்நூல் இருந்ததாக அவர் கூறுகிறார்.

இறுதியில் விடை ஒரு வயல்வெளியில் கிடைத்தது. நடந்து சென்றுகொண்டிருந்தபோது, தம்முடைய நீதி விண்ணகத்தில் இருக்கிறது என்ற எண்ணம் திடீரென அவருள் எழுந்தது. கடவுளின் வலப்பக்கத்தில் இருக்கும் கிறிஸ்துவே தமது நீதி என்று கண்டார். தம் மனம் நன்றாக இருக்கும் நாளில் அந்த நீதி கூடுவதில்லை. மனம் சோர்ந்திருக்கும் நாளில் குறைவதும் இல்லை. அது கிறிஸ்துவே ஆதலால் நேற்றும் இன்றும் என்றும் மாறாதது. அன்று தம் கால் விலங்குகள் கழன்று விழுந்ததாக அவர் எழுதுகிறார்.

பனியனின் பக்தியைக் கிறிஸ்து மைய பக்தி என்று கூறுவதன் பொருள் இதுவே. கிறிஸ்துவின் பெயரை அடிக்கடி சொல்வதால் மட்டும் ஒருவரின் பக்தி அவரை மையமாகக் கொண்டதாகிவிடாது. நம்பிக்கையின் நங்கூரம் எங்கே போடப்பட்டிருக்கிறது என்பதே கேள்வி. கப்பலுக்குள்ளேயே நங்கூரத்தைப் போட்டுக்கொண்டால் புயலில் பயன் இல்லை. தன் உள்ளத்தில் போட்ட நங்கூரத்தை எடுத்துத் தனக்கு வெளியே, கிறிஸ்துவில் போட்டதே பனியனின் திருப்பம்.

யோவான் 6:37-ஐ விளக்கி அவர் ஒரு தனி நூலே எழுதினார். தம்மிடம் வருபவரை இயேசு ஒருபோதும் ஒதுக்கமாட்டார் என்பது அவ்வசனத்தின் கருத்து. நான் பெரும் பாவி, முதியவன், கல்நெஞ்சன் என்று மனிதன் சொல்லக்கூடிய சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து அவ்வசனத்தால் விடை கூறுவது அந்நூலின் போக்கு.

சிறை வாழ்வு

1660-இல் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறினார். அரசு ஏற்காத சபைக் கூட்டங்கள் மீது நடவடிக்கை தொடங்கியது. அவ்வாண்டு நவம்பர் 12 அன்று ஒரு பண்ணை வீட்டில் போதிக்கச் சென்ற பனியன் கைது செய்யப்பட்டார். கைது வரப்போவது முன்கூட்டியே தெரிந்தும் அவர் ஓடவில்லை. ‘இனிப் போதிக்கமாட்டேன்’ என்று ஒப்புக்கொண்டால் விடுதலை. அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

முதல் மனைவி இறந்துவிட்டார். இரண்டாம் மனைவி எலிசபெத் அப்போது கருவுற்றிருந்தார். கைதுச் செய்தியின் அதிர்ச்சியில் காலத்துக்கு முன்பே பிறந்த குழந்தை இறந்தது. முதல் மனைவியின் 4 பிள்ளைகளையும் அவரே கவனித்தார். 1661-இல் நீதிபதிகள் முன் நின்று கணவருக்காக வாதாடினார். நீதிபதி மேத்யூ ஹேல் இரக்கம் காட்டினாலும் விடுதலை கிடைக்கவில்லை.

பனியனின் மூத்த மகள் மேரி பார்வையற்றவள். மனைவி மக்களைப் பிரிவது எலும்பிலிருந்து சதையைப் பிய்ப்பதுபோல் இருந்தது என்றும், எல்லாரிலும் அந்தப் பார்வையற்ற குழந்தையே தம் நெஞ்சுக்கு மிக அருகில் இருந்தாள் என்றும் அவர் எழுதுகிறார். அவள் பசியையும் குளிரையும் எப்படித் தாங்குவாள் என்று எண்ணி மனம் உடைந்தார். தம் வீட்டைத் தம் கையாலேயே மனைவி மக்கள் தலைமீது இடிப்பவனைப் போல உணர்ந்தார். ஆயினும் உடன்படவில்லை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பனியனின் பக்தி அவருடைய துன்பத்தை மறக்கச் செய்யும் மருந்தாக இருக்கவில்லை. பிள்ளைகள் மீதிருந்த பாசம் சிறிதும் குறையாமலே அவர் உறுதியாக நின்றார். சிறையில் காலணிக் கயிறுகளுக்கு உலோக முனை பொருத்தி விற்றுக் குடும்பத்துக்கு உதவினார். உடனிருந்த கைதிகளுக்குப் போதித்தார். எழுதினார். இறைவேண்டல் பற்றிய அவருடைய நூல் சிறைக்காலத்தில் எழுதப்பட்டதே. அச்சிட்ட வேண்டுதல்களை வாயால் ஒப்பிப்பது போதாது. உள்ளம் உணர்ந்து, தூய ஆவியின் துணையோடு, கிறிஸ்துவின் வழியாகக் கடவுளிடம் தன்னைத் திறந்து வைப்பதே வேண்டுதல் என்பது அந்நூலின் சாரம்.

1672-இல் அரசர் வெளியிட்ட சலுகை அறிவிப்பால் விடுதலை பெற்றுப் பெட்ஃபோர்டு சபையின் போதகரானார். பின்னர் மீண்டும் சில மாதங்கள் சிறையில் இருந்தார். பேரறிஞரான ஜான் ஓவன், பனியனின் போதனையைக் கேட்க விரும்பிச் செல்பவர். ‘இந்தப் பாத்திரக்காரரிடம் என்ன கேட்கிறீர்?’ என்று அரசர் வினவியபோது, அவரைப்போல் மனிதர் உள்ளத்தைத் தொட முடியுமானால் தம் கல்வி முழுவதையும் கொடுத்துவிடத் தயார் என்று ஓவன் கூறியதாகச் சொல்லப்படுகிறது.

மோட்சப் பிரயாணம்

பனியன் எழுதிய நூல்கள் ஏறத்தாழ 60. அவற்றுள் உலகப் புகழ்பெற்றது 1678-இல் வெளிவந்த ‘மோட்சப் பிரயாணம்’. இதன் இரண்டாம் பாகம் 1684-இல் வந்தது.

முதுகில் பெருஞ்சுமையோடு ஒருவன் அழிவு நகரத்தை விட்டு விண்ணகர் நோக்கிப் புறப்படுகிறான். நம்பிக்கையிழப்பு என்னும் சேற்றில் விழுகிறான். சட்டத்தைக் கைக்கொண்டால் சுமை இறங்கும் என்று ஒருவர் சொல்ல, அவ்வழியே சென்று மலை தன்மேல் விழுமோ என்று அஞ்சி நிற்கிறான். பின்னர் ஒரு மேட்டில் சிலுவையைக் காண்கிறான். அதைப் பார்த்த அளவில் சுமை தானாக அவிழ்ந்து உருண்டு, கீழேயிருந்த கல்லறைக்குள் விழுந்து மறைகிறது. அவன் அவிழ்க்கவில்லை, அவிழ்க்க முயலவும் இல்லை. பார்த்தான், அவ்வளவே. பனியன் வயல்வெளியில் கண்ட விடையின் கதை வடிவம் இது.

சுமை இறங்கியதோடு பயணம் முடிவதில்லை. ஏற வேண்டிய மலைகளும் போரிட வேண்டிய பள்ளத்தாக்கும் மாயச் சந்தையும் இன்னும் உள்ளன. வழி தவறிய பயணி, தன் தோழனோடு ‘நம்பிக்கையிழப்பு’ என்னும் அரக்கனின் கோட்டையில் அடைபடுகிறான். அடியும் பட்டினியுமாகச் சில நாள் கழிகின்றன. இருவரும் இரவெல்லாம் வேண்டுதல் செய்கின்றனர். விடியும் முன் பயணி திடுக்கிட்டு எழுகிறான்: வாக்குறுதி என்னும் சாவி முதலிலிருந்தே தன் மடியில் இருந்ததே! அதைக் கொண்டு பூட்டுகளைத் திறந்து தப்புகின்றனர். சாவியை மறந்து சிறையில் கிடந்த முட்டாள்தனத்தை அவனே நொந்துகொள்கிறான். நம்பியவருக்கும் சோர்வு வரும், சோர்வு வந்ததால் நம்பிக்கை போய்விட்டது என்று பொருளல்ல என்பதை இவ்வளவு எளிமையாக விளக்கிய பகுதி சமய இலக்கியத்தில் அரிது.

இந்நூலின் மீது ஒரு குறையும் கூறப்படுவதுண்டு. பயணி தன் மனைவி மக்கள் கூப்பிடக் கூப்பிடக் காதைப் பொத்திக்கொண்டு தனியே ஓடுகிறான். மீட்பு தனிமனித விவகாரமாகச் சுருங்கிவிட்டதோ என்ற ஐயம் இதனால் எழுகிறது. இரண்டாம் பாகத்தில் அம்மனைவியும் பிள்ளைகளும் அண்டை வீட்டுப் பெண்ணும் துணையாகச் சேர்ந்து பயணம் செய்கின்றனர். ஊன்றுகோலுடன் நடப்பவரும் மனம் தளர்ந்தவரும் அக்கூட்டத்தில் சேர்கின்றனர். எவரையும் விட்டுவிடாமல் மெல்ல நடக்கும் அக்கூட்டமே அக்குறைக்கு ஓரளவு விடையாகிறது.

தமிழில்: எச். ஏ. கிருஷ்ணபிள்ளை

பனியனின் கதை உரைநடையாகத் தமிழில் முன்பே மொழிபெயர்க்கப்பட்டிருந்தது. அதைக் காப்பியமாக்கியவர் கிருஷ்ணபிள்ளை. இவர் 1827 ஏப்ரல் 23 அன்று திருநெல்வேலிப் பகுதியிலுள்ள கரையிருப்பு என்னும் ஊரில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தார். தந்தை சங்கரநாராயண பிள்ளை. தாய் தெய்வநாயகி அம்மாள். இளமையிலேயே கம்பராமாயணத்தில் ஊறியவர். சாயர்புரத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றியபோது கிறிஸ்தவ நண்பர்களின் பழக்கம் ஏற்பட்டது. 1858-இல் சென்னை மயிலாப்பூரில் திருமுழுக்குப் பெற்று ஹென்றி ஆல்பிரட் கிருஷ்ணபிள்ளை ஆனார். பின்னர் ‘தினவர்த்தமானி’ இதழிலும், சென்னை மாநிலக் கல்லூரியிலும், பாளையங்கோட்டையிலும், திருவனந்தபுரத்திலும் பணிபுரிந்தார். 1900 பிப்ரவரி 3 அன்று காலமானார்.

உறவும் ஊரும் சாதியும் ஒன்றாகப் பின்னிக் கிடந்த அக்காலத்தில், அவ்வாறு மதம் மாறுவது எளிய செயல் அன்று. வீட்டை விட்டுப் புறப்படும் பயணியின் கதை பனியனுக்கு உருவகம். கிருஷ்ணபிள்ளைக்கோ அது ஏறத்தாழத் தன்வரலாறு.

‘இரட்சணிய யாத்திரிகம்’ முதலில் ‘நற்போதகம்’ இதழில் பகுதி பகுதியாக வெளிவந்து, 1894-இல் நூலாயிற்று. ஆதி பருவம், குமார பருவம், நிதான பருவம், ஆரணிய பருவம், இரட்சணிய பருவம் என 5 பருவங்களும் 3,700-க்கும் மேற்பட்ட பாடல்களும் கொண்டது. ஆசிரியர் ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்று போற்றப்படுகிறார்.

இதை வெறும் மொழிபெயர்ப்பு என்று கருதுவது தவறு. பனியனின் கதையில் சிலுவைக் காட்சி சில பத்திகளில் முடிந்துவிடும். கிருஷ்ணபிள்ளை குமார பருவத்தில் கிறிஸ்துவின் பாடுகளையும் மரணத்தையும் விரிவாகப் பாடுகிறார். பனியனின் வாசகர் சிறு வயது முதல் கோயிலில் அவ்வரலாற்றைக் கேட்டு வளர்ந்தவர்கள். சிலுவை என்று சொன்னாலே போதும். தமிழ் வாசகர் பலருக்கு அது புதிய வரலாறு. யார் அந்தச் சிலுவையில் தொங்கியவர், ஏன் தொங்கினார் என்பது தெரியாமல் சுமை ஏன் விழுந்தது என்பது விளங்காது. ஆகவே கதையின் மையத்தில் கிறிஸ்துவை நிறுத்தும் பணியில் தமிழ்ப் புலவர் மூல நூலாசிரியரைவிட ஓர் அடி மேலே சென்றார் எனலாம்.

மற்றொரு வேறுபாடு பக்தியின் ஓசை. பனியனின் நடை சந்தையிலும் பட்டறையிலும் பேசும் எளிய உரைநடை. கிருஷ்ணபிள்ளை விருத்தப்பாவைத் தேர்ந்ததோடு, கதைக்கு இடையிடையே தேவாரம் என்ற பெயரில் இசைப்பாடல்களையும் அமைத்தார். தனி அறையில் தன் உள்ளத்தை ஆராயும் தூய்மைவாதியின் பக்தி, தமிழில் உருகிப் பாடும் பக்தியாயிற்று. ‘போற்றித் திருவகவல்’, ‘இரட்சணிய மனோகரம்’ ஆகிய அவருடைய பிற நூல்களிலும் இப்போக்கைக் காணலாம்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத் தொடர்பு

இப்பொருளைக் கற்கும் விழுப்புரம் மாவட்ட மாணவர்களுக்குத் தங்கள் ஊர்ப்பக்கத்திலேயே இரண்டு ஒப்பீடுகள் கிடைக்கின்றன.

முதலாவது திருவெண்ணெய்நல்லூர். கிருஷ்ணபிள்ளை முன்மாதிரியாகக் கொண்ட கம்பரை ஆதரித்த சடையப்ப வள்ளல் இவ்வூரினர் என்பது மரபு. சுந்தரரைச் சிவபெருமான் தடுத்தாட்கொண்ட தலமும் இதுவே. மணக்கோலத்தில் இருந்த சுந்தரரை முதியவர் ஒருவர் ஆளோலை காட்டித் தம் அடிமை என்று வழக்காடி வென்ற வரலாற்றைப் பெரியபுராணம் கூறுகிறது. சுந்தரர் தேடிச் செல்லவில்லை. இறைவனே தேடி வந்து உரிமை கொண்டாடினார். தூய்மைவாதிகளின் அருள் கோட்பாட்டிலும் முதல் அடி எடுத்து வைப்பவர் கடவுளே. சைவமும் கிறிஸ்தவமும் கூறும் இறைமை, வினை, மீட்பு ஆகியவை வெவ்வேறானவை; இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. ஆயினும் ‘அருளே முந்துகிறது’ என்ற கருத்துக்கு வளர்ந்த சொல்வளம் தமிழில் இருந்தமையால்தான், கிருஷ்ணபிள்ளையால் பனியனின் அனுபவத்தை அந்நியம் தோன்றாமல் பாட முடிந்தது.

இரண்டாவது திண்டிவனம். 1853-இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கிய அமெரிக்க ஆற்காடு மிஷன், தூய்மைவாதத்தின் உறவு மரபான டச்சுச் சீர்திருத்த மரபைச் சேர்ந்தது. கால்வினின் போதனையே இரண்டுக்கும் பொது ஊற்று. 1890-களின் தொடக்கத்தில் மருத்துவர் ஜான் ஸ்கடர் திண்டிவனத்தில் பணியாற்றினார். அவர் மகள் ஐடா (1870–1960) அமெரிக்காவில் படித்துவிட்டு, தாயின் உடல்நலக் குறைவால் அங்கு வந்திருந்தார். மிஷன் பணியில் சேரும் எண்ணம் அவருக்கு இல்லை. ஓர் இரவு, பேறுகால வேதனையிலிருந்த தங்கள் மனைவியரைக் காப்பாற்றும்படி மூன்று ஆடவர் அடுத்தடுத்து வந்து அவரை அழைத்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் இஸ்லாமியர், ஒருவர் வேறொரு இந்துக் குடும்பத்தினர். ஐடா மருத்துவர் அல்லர். ஆண் மருத்துவரான தந்தையை அழைத்துச் செல்ல அவர்கள் உடன்படவில்லை. விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தனர்.

உறக்கமின்றி, வேண்டுதலில் கழிந்த அந்த இரவு ஐடாவின் வாழ்வை மாற்றியது. 1899-இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, அடுத்த ஆண்டு வேலூருக்குத் திரும்பினார். 1918-இல் அவர் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளியே இன்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாக வளர்ந்துள்ளது. தன் விருப்பத்தைச் சுற்றியிருந்த வாழ்வு கிறிஸ்துவின் அழைப்பைச் சுற்றித் திரும்பியதை அவர் வரலாறு காட்டுகிறது. ஒரு பக்தி உண்மையானதா என்பதை அது அடுத்தவர் வீட்டு வாசலில் என்ன செய்கிறது என்பதைக் கொண்டே அறியலாம்.

இறுதிப் பயணம்

பனியனின் முடிவும் அத்தகையதே. 1688 ஆகஸ்டில், பகை கொண்டிருந்த ஒரு தந்தையையும் மகனையும் ஒன்று சேர்ப்பதற்காக அவர் ரெடிங் நகருக்குக் குதிரையில் சென்றார். காரியம் கைகூடியது. அங்கிருந்து லண்டனுக்குப் போகும் வழியில் கனமழையில் நனைந்தார். காய்ச்சல் கண்டது. ஆகஸ்ட் 31 அன்று நண்பர் ஒருவர் வீட்டில் உயிர் நீத்தார். லண்டன் பன்ஹில் ஃபீல்ட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

தன் உள்ளத்தையே உற்று நோக்கி ஆண்டுக்கணக்கில் நடுங்கிய இளைஞன், முதுமையில் பிறர் வீட்டுச் சண்டையைத் தீர்க்க மழையில் பயணம் செய்பவரானார். தன் மீட்பு தன் கையில் இல்லை, கிறிஸ்துவிடம் பத்திரமாக இருக்கிறது என்று அறிந்தபின், தன்னைப் பற்றிய கவலையிலிருந்து அவருக்கு விடுதலை கிடைத்தது. அந்த விடுதலையே அவரைப் பிறருக்கு உரியவராக்கியது.